வில்லி லோமனை அழவைத்தே கெடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 1949இல் நியூயார்க்கில் அரங்கேறிய நாடகம். இங்கே கோலாலம்பூரில் அதைத் தமிழில் போட ஆசைப்படும் இளைஞர்கள், அதன் நாயகனான விற்பனையாளர் வில்லி லோமனை முதலாளியின் கொடுமைக்குப் பலியான அப்பாவியாகவே பார்க்கிறார்கள். வயது 63, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கம்பெனி, கடைசியில் வேலையும் போகிறது. அழவைக்க இது போதும். ஆனால் அவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது தெரியாவிட்டால் நாடகம் படுத்துவிடும். மேடைப் பயிற்சி கொடுப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

ஒத்திகையை முதல் அங்கத்தின் கமிஷன் காட்சியில் தொடங்குங்கள். ஊர் சுற்றித் திரும்பிய வில்லி, பிராவிடன்ஸில் 500, போஸ்டனில் 700 டாலருக்கு விற்றதாக மனைவி லிண்டாவிடம் அளக்கிறார். லிண்டா பென்சிலை எடுத்து 212 டாலர் கமிஷன் என்று கணக்குப் போட்டதும் குரல் இறங்குகிறது. பிராவிடன்ஸில் 180 இருக்கும் என்கிறார்; உடனே, இல்லை, பயணம் முழுவதற்குமே ஏறக்குறைய 200 என்கிறார். கமிஷன் எழுபது சொச்சமாகிவிடுகிறது. அடுத்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கூரை என்று பாக்கிகள் வரிசையாக வர, 15ஆம் தேதிக்குள் 120 டாலர் வேண்டும். சற்று முன் செவர்லேயைப் போல் கார் உண்டா என்று புகழ்ந்தவர், கார்புரேட்டர் பாக்கியைக் கேட்டதும் அந்தக் காரையே தடை செய்ய வேண்டும் என்கிறார்.

இந்தத் தொகைகளை வேகமாக ஒப்பித்தால் எல்லாம் போச்சு. ஒவ்வொன்றுக்கும் பின் சிறு இடைவெளி விடுங்கள். லிண்டா முறைக்கக் கூடாது, எழுதிக்கொண்டே இருக்கட்டும். ரிங்கிட்டுக்கு மாற்றுவதானால் வரவு, பாக்கி இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கமிஷன் பாக்கியைத் தாண்டிவிட்டால் காட்சிக்கு உயிரே இல்லை.

முதலாளி ஹோவர்டின் அறையில் வில்லி வாரம் 65 டாலர் கேட்கிறார், பிறகு 50, பிறகு 40. மூன்றையும் கெஞ்சலாக நடிப்பதுதான் வழக்கமான தவறு. 65ஐ உரிமையோடு கேட்க வேண்டும். 40 வரும்போதுதான் உடம்பு குறுக வேண்டும். அதற்குச் சற்று முன், 150 டாலர் ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டும் ஹோவர்டிடம், தானும் கட்டாயம் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்கிறார். நேரம் மிச்சம் பிடிக்க இந்த வசனத்தை வெட்டாதீர்கள், தயவுசெய்து. பக்கத்து வீட்டு சார்லி தரும் வேலையை மறுத்துவிட்டு, அவரிடமே வாரம் 50 டாலர் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என்று லிண்டாவிடம் கொடுப்பவரும் இவர்தான். எங்கள் பார்வையில் ஹோவர்டைவிட வில்லியை அதிகம் வீழ்த்துவது இந்த வறட்டுக் கௌரவம்.

அரங்க அமைப்பைப் பொறுத்தவரை, நிகழ்காலத்தில் எல்லோரும் கதவு வழியாகத்தான் வரவேண்டும். வில்லியின் நினைவில் வரும் கடந்தகாலக் காட்சிகளில் சுவரைக் கடந்து நடக்கலாம். பள்ளி மண்டபத்தில் சுவர் கட்ட வேண்டியதில்லை, தரையில் வெள்ளை டேப் போதும். நிகழ்காலக் காட்சியில் ஒருவர் கால் தவறிக் கோட்டைத் தாண்டினாலும் பார்ப்பவர் குழம்பிப்போவார். கடந்தகாலத்துக்கு இலை நிழல் வேண்டுமென்றால் தகரத் தகட்டில் வெட்டி விளக்கின் முன் பொருத்துங்கள். அட்டை வேண்டாம், சூட்டில் பற்றிக்கொள்ளும்.

கடைசியில் 20,000 டாலர் காப்புறுதிப் பணம் மகன் பிஃப்பைத் தூக்கி நிறுத்தும் என்று நம்பித்தான் வில்லி காரை எடுத்துக்கொண்டு சாகப் போகிறார். பிஃப் தன்னிடம் அழுததே அவருக்குப் பெருமகிழ்ச்சி. அங்கே நடிகர் விம்மக் கூடாது, முகம் மலர்ந்திருக்க வேண்டும். தன் சாவுக்கு நான்கு மாநிலங்களிலிருந்து கூட்டம் திரண்டு வரும் என்று கனவு கண்டவரின் கல்லறையருகே நிற்பவர்கள் ஐந்தே பேர்: மனைவி, இரண்டு மகன்கள், சார்லி, சார்லியின் மகன் பெர்னார்ட். கூட்டம் காட்டுவதற்காகத் துணை நடிகர்களை அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மேடை நாடகப் பயிற்றுநர்கள் இருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்