அமர்வில் எத்தனை நிமிடம் பயிற்சி நடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொன்ன பேச்சைக் கேட்காமல் மல்லுக்கு நிற்கும், பொருட்களை உடைக்கும், மற்ற பிள்ளைகளை அடிக்கும் குழந்தைகளுக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்று பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. கதவைச் சாத்திய பிறகு சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. அதை ஆராய்வது எப்படி என்று தெரிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் ஆய்வாளர் ஆன் கார்லண்டும் அவருடைய குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். 6 சிகிச்சை மையங்கள், 96 சிகிச்சையாளர்கள், 4 முதல் 13 வயது வரையிலான 191 குழந்தைகள். வீடியோவில் பதிவான அமர்வுகளிலிருந்து 1,215 அமர்வுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, எந்தச் சிகிச்சை உத்தி எவ்வளவு அழுத்தமாகக் கையாளப்பட்டது என்று மதிப்பிட்டார்கள். சிகிச்சையாளர்கள் ஏறக்குறைய எல்லா உத்திகளையும் தொட்டிருந்தார்கள். ஆனால் எதிலும் ஊன்றி நிற்கவில்லை. நல்ல நடத்தையைப் பாராட்டி வளர்ப்பது அடிக்கடி காணப்பட்டது. அமர்விலேயே நடித்துப் பழகுவதும், வீட்டில் செய்யச் சொல்லி அடுத்த முறை அதை விசாரிப்பதும் அரிதாகவே இருந்தன.

இந்த இரண்டும் விட்டுப்போனால் ஏன் சிகிச்சை தளர்கிறது? பிடிவாதம் வளரும் விதத்தைப் பார்த்தால் புரியும். அம்மா ஒன்றைச் செய்யச் சொல்கிறார். குழந்தை கத்துகிறது. அம்மா குரலை உயர்த்துகிறார். குழந்தை இன்னும் கத்துகிறது. அம்மா சலித்துப்போய் விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் ஆகும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று அம்மாவும் கற்றுக்கொள்கிறார். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்த சுழல் இது. இதை அம்மாவுக்கு 20 நிமிடம் விளக்கலாம், அவரும் தலையாட்டுவார். வீட்டுக்குப் போனதும் வாயில் வருவது பழைய வார்த்தைதான்.

"பொம்மையை எல்லாம் எடுத்து வைக்கிறாயா கண்ணா?" என்பது கேள்வி. குழந்தை "மாட்டேன்" என்றால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். "இந்த நீலப் பொம்மையைப் பெட்டியில் போடு" என்பது கட்டளை. ஒன்றே ஒன்றை நேராகச் சொல்லிவிட்டு 5 விநாடி வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். அந்த 5 விநாடிதான் பெற்றோருக்குக் கடினம். இரண்டாவது விநாடியிலேயே மறுபடி சொல்லிவிடுவார்கள். சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து, குழந்தையோடு பத்துத் தடவை செய்ய வைத்தால்தான் கை வரும். உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்ட சிகிச்சையில் இதற்கு அளவே உண்டு: 5 நிமிட விளையாட்டில் பெற்றோர் 10 முறை எதற்கென்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும், குழந்தை பேசியதை 10 முறை திருப்பிச் சொல்ல வேண்டும், அது செய்வதை 10 முறை வர்ணிக்க வேண்டும், கேள்வி, கட்டளை, குறைகூறல் எல்லாம் சேர்ந்தே 3-ஐத் தாண்டக்கூடாது. அதை எட்டிய பிறகுதான் கட்டளைப் பாடம்.

இன்னொரு இடறலும் உண்டு. கத்தலைக் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் முதல் சில நாட்கள் கத்தல் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "இது வேலை செய்யவில்லை" என்று பெற்றோர் நான்காம் நாளே கைவிடுவார்கள். கத்தலின் உச்சத்தில் விட்டுக்கொடுத்ததால் பழக்கம் முன்னைவிட இறுகிவிடும்.

இனி, ஆராயும் முறை. சிகிச்சையாளரிடம் படிவம் கொடுத்து "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் போதாது. வீடியோவில் தெரிவதைவிடக் கூடுதலாகவே அவர்கள் எழுதுவார்கள். அது பொய்யல்ல; பேசியதையும் பழக்கியதையும் மனம் ஒன்றாகவே நினைவில் வைக்கிறது. எனவே அமர்வுகளைப் பதிவு செய்ய வேண்டும், பெற்றோரின் ஒப்புதலோடும் குழந்தையின் சம்மதத்தோடும். எந்த அமர்வை மதிப்பிடுவது என்பதைச் சிகிச்சையாளரிடம் விட்டால் சிறந்ததைத்தான் தருவார். குலுக்கி எடுக்க வேண்டும். ஒரு பகுதி அமர்வுகளை இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியாக மதிப்பிட்டு, இருவர் எண்களும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். உத்தி வந்ததா என்பதோடு, எத்தனை நிமிடம், எவ்வளவு விவரமாக என்பதும் குறிக்கப்பட வேண்டும். பாதியில் நின்றுவிட்ட குடும்பங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், நின்றவர்களுக்கு எது பலிக்கவில்லை என்பது மறைந்துவிடும். பலனை அளக்க குழந்தையின் நடத்தையைப் பற்றி 25 கேள்விகள் கொண்ட பலம்-சிரமம் வினாத்தாள் போன்றவை உள்ளன. பெற்றோர் மட்டுமல்லாமல் ஆசிரியரும் நிரப்பினால்தான் வீட்டு மாற்றம் பள்ளிக்கும் போனதா என்று தெரியும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு மையத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். ஓர் அமர்வில் எத்தனை நிமிடம் பெற்றோர் குழந்தையோடு செய்து பழகுகிறார்கள்? போன வாரம் கொடுத்த வீட்டுப் பயிற்சியை யார், எப்போது சரிபார்க்கிறார்கள்? அமர்வை வெளியாள் யாராவது பார்த்து மதிப்பிடுகிறாரா?

இப்படிக்கு,
குழந்தை நடத்தைச் சிகிச்சை ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்