குழி பறிப்பது குதிரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குதிரையேற்ற வீரர்களின் பாதுகாப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட், உடற்கவசம், விழும்போது காற்று நிரம்பி விரியும் மேலுடுப்பு என்று சாதனங்களைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஒருவர் விழுந்த பிறகு, அடுத்த ஐந்து நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இளம் வீரர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருபவள் நான். எங்கள் துறையின் பலவீனம் முழுவதும் அந்த ஐந்து நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும்.

லாயங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விழுந்தவர் மண்ணைத் தட்டிவிட்டு உடனே மறுபடியும் ஏறி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குப் பயம் ஒட்டிக்கொள்ளுமாம், குதிரையும் கெட்டுப்போகுமாம். மெத்தென்ற மணலில் சறுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே எழுபவருக்கு இது பொருந்தலாம். தலையில் அடிபட்டவருக்கு இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. மூளை அதிர்வு என்றால் மயக்கம் போட்டு விழ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நினைவு தப்பாமலேயே மூளை அதிர்ந்திருக்கலாம். தலைவலி, குமட்டல், வெளிச்சம் பொறுக்காமை, கேட்டதையே திரும்பக் கேட்பது போன்ற அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது அடி விழுந்தால் விளைவு பல மடங்கு கடுமையாகும். இந்த நிலையில் இருப்பவரிடம் போய், "நன்றாக இருக்கிறாயா, ஏறுகிறாயா?" என்று கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டிய மூளைதானே அடிபட்டிருக்கிறது!

பெரிய போட்டிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி, மூன்று பிரிவுகள் கொண்ட ஈவென்டிங் போட்டியில், திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி சுற்றில் விழுந்தவர் அத்துடன் விலக்கப்படுகிறார். மருத்துவர் பார்க்காமல் மைதானத்தை விட்டுப் போகவும் முடியாது. அசையாத தடையில் குதிரையின் முன்னங்கால் இடித்து, ஏறத்தாழ 500 கிலோ உடல் கரணமடித்து வீரர் மேலேயே விழும் விபத்துதான் இந்த விளையாட்டில் மிகவும் அஞ்சப்படுவது. அதைக் குறைப்பதற்காக, பலமாக மோதினால் விட்டுக்கொடுத்துச் சரியும் தடைகள் வந்தன. குதிரையின் நடையழகையும் பணிவையும் மதிப்பிடும் டிரெசாஜ் பிரிவில் அழகுக்கு அணிந்த உயரத் தொப்பி போய், 2021 முதல் ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது. இவற்றில் எதையுமே வீரரின் விருப்பத்துக்கு விட்டுவைக்கவில்லை.

ஆனால் வீரர்கள் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது பயிற்சிக் களத்தில். 2008 ஒலிம்பிக்கில் டிரெசாஜ் பிரிவில் பங்கேற்ற அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010-இல் தலையில் அடிபட்டுப் பல வாரங்கள் கோமாவில் கிடந்தார். அது போட்டியில் நடந்ததல்ல. சாதாரணப் பயிற்சியின்போது குதிரை கால் இடறியது. தலையில் ஹெல்மெட் இல்லை. அன்றாடப் பயிற்சியில் மருத்துவரும் இருப்பதில்லை, நடுவரும் இருப்பதில்லை. மீண்டும் ஏறலாமா என்பதை முடிவு செய்பவர் அடுத்த போட்டியின் தேதியை மனத்தில் வைத்திருக்கும் பயிற்றுநர், அல்லது பணம் கட்டிய பெற்றோர். இந்த அதிகாரம் இவர்கள் கையில் இருக்கவே கூடாது. தலையில் அடிபட்டது என்ற சந்தேகம் எழுந்தாலே அன்றைய சவாரி முடிந்தது என்று ஒவ்வொரு லாயமும் விதி வகுக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகும் நடை, லேசான உடற்பயிற்சி, சாதுவான குதிரையில் சமதளச் சவாரி என்று படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும்; தடை தாண்டுவது கடைசியில். அடி வாங்கிய ஹெல்மெட்டையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

இனி மனத்தைப் பற்றி. குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்று பழமொழி சொல்கிறது. பாவம், குதிரை தள்ளுவதோடு சரி. குழி பறிப்பவர்கள் நாங்கள்தாம். விழுந்து எழுந்த பிள்ளை பயமாக இருக்கிறது என்றால், "இதற்கெல்லாம் பயந்தால் எப்படி?" என்று அதட்டுகிறோம். அதன்பின் அந்தப் பிள்ளை பயத்தைச் சொல்லாது, மறைக்கும். மனிதர்களிடம் மறைத்துவிடலாம், குதிரையிடம் முடியாது. தொடை இறுகும், மூச்சு அடங்கும், கடிவாள வாரைப் பிடித்த கை விறைக்கும். அத்தனையையும் குதிரை உடனே உணர்கிறது. தடையை நெருங்கும் கடைசி இரண்டு எட்டுகளில் வீரர் தயங்கினால் குதிரையின் கணக்கு பிசகிவிடும். ஆகவே மனநல ஆலோசனையை ஹெல்மெட்டைப் போன்ற பாதுகாப்புச் சாதனமாகவே நான் கருதுகிறேன்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரை சவாரியும் அடங்கிய ஐந்து விளையாட்டுகளின் தொகுப்பான நவீன பென்டத்லான் போட்டியில் உலகமே பார்த்ததை நினைவூட்ட வேண்டியதில்லை. முன்னணியில் இருந்த ஜெர்மனியின் அனிகா ஷ்லோய்க்குக் குலுக்கலில் கிடைத்தது முன்பின் பழகாத குதிரை. பழகிக்கொள்ள இருபது நிமிடம். குதிரை மறுத்தது, அவர் கதறி அழுதார், அவருடைய பயிற்றுநர் குதிரையை முஷ்டியால் குத்தியதால் நீக்கப்பட்டார். குதிரை பட்ட துன்பம் உண்மை. அனிகா சாட்டையைப் பயன்படுத்தியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் மிரண்ட விலங்கின் மேல் மிரண்ட மனிதரை ஏற்றிவைத்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, சமூக ஊடகங்கள் அந்தப் பெண்ணைத் துளைத்தெடுத்தன. பாரிஸ் ஒலிம்பிக்குடன் அந்தப் போட்டியில் குதிரை சவாரியே கைவிடப்பட்டது. அது நல்ல முடிவு என்பது என் கருத்து.

இந்த விளையாட்டுக்கே உரிய வேறு துயரங்களும் உண்டு. பல வீரர்களுக்குத் தாங்கள் ஏறும் குதிரை சொந்தமில்லை. ஆண்டுக்கணக்கில் பழக்கி ஆளாக்கிய குதிரையை உரிமையாளர் ஒரு நாள் விற்றுவிடுவார். போட்டியில் குதிரை இறந்துபோனால், துக்கத்தோடு பழியையும் வீரர் சுமக்க வேண்டும். பந்தய ஜாக்கிகள் எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்து, வியர்த்து உடல் வற்றிய நிலையில் ஏறுகிறார்கள். கவனம் சிதறாமல் என்ன செய்யும்? இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பயந்தேன் என்று சொன்னால் அடுத்த குதிரை கிடைக்காது. அதனால்தான் லாயத்துக்கு வெளியே இருக்கும் மனநல ஆலோசகர் தேவை என்கிறேன். அவர் கேட்பது எதுவும் உரிமையாளர் காதுக்கோ தேர்வுக் குழுவின் காதுக்கோ போகக் கூடாது. குதிரை லேசாக நொண்டினால் கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர், பராமரிப்பாளர் என்று நாலு பேர் ஓடி வருகிறோம். வீரர்களுக்கு இந்த அக்கறையில் கால்வாசி போதும்.

தங்கள் இதழைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிள்ளையைச் சேர்க்கும் முன், யார் எப்போது விழுந்தார்கள், தலையில் அடிபட்டதா, எப்போது திரும்ப ஏறினார்கள் என்று எழுதிவைக்கும் ஏடு இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே யாருமே விழுவதில்லை என்று பதில் வந்தால் வேறு லாயம் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு குதிரையேற்றப் பயிற்றுநர்