திறப்பு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். பெரியம்மா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறா, அவவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் இந்தக் கதையை எடுத்தாலே நீங்கள் அழத் தொடங்கிவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தானே ஆகவேண்டும்.

கனடாவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் துப்பாக்கிச் சூடு என்று யூரியூப்பில் பார்த்துவிட்டு, அன்று இரவு முழுக்க நீங்கள் நித்திரை கொள்ளவில்லையாம். தம்பி சொன்னான். அம்மா, ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்தின் ஒரு பகுதி என்றாலும் சின்ன ஊர் இல்லை. ஆறு லட்சத்துக்கு மேல் சனம். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது போல. சுன்னாகத்தில் நடந்ததைக் கேட்டுப் பருத்தித்துறையில் இருப்பவருக்காக அழுகிற மாதிரித்தான் இது.

சூடே நடப்பதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். 2012 யூலையில் இங்கே டான்சிக் என்ற தெருவில், வெளியில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்குள் சுட்டுக்கொண்டதில் இரண்டு இளம் உயிர்கள் போயின, இருபது பேருக்கு மேல் காயம். அதற்கு முன், தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பெடியன்களே இரண்டு கோஷ்டியாய்ப் பிரிந்து இந்த றோட்டுகளில் ஒருவரை ஒருவர் துரத்தியிருக்கிறார்கள். சண்டையோடு சம்பந்தமில்லாத பிள்ளைகளும் செத்தார்கள். 2001 இல் பொலிஸ் பெரிய அளவில் பிடித்து உள்ளே போட்டபிறகுதான் அடங்கியது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அதைக் கதைக்கும்போது குரலைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். 2021 கணக்கெடுப்பில் ரொறன்ரோ முழுக்க 28 லட்சம் சனம். மிக மோசம் என்று சொல்கிற 2018 இல்கூட, ஆட்கள்மேல் வான் வண்டியை ஏற்றிக் கொன்ற சம்பவத்தையும் சேர்த்து, கொலைகள் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. நகரசபை பிரித்துவைத்த 158 பகுதிகளுக்கும் பொலிசே, எங்கே எத்தனை களவு, எத்தனை அடிதடி என்று வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். வீடு எடுக்க முன் இவர் அதைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் இருந்தார். பார்த்தால், அடிதடியில் முன்னுக்கு நிற்பது நகரத்தின் நடுப்பகுதியான டவுன்ரவுன் பக்கம்தான், பெயர் கெட்டது எங்களுக்கு. (அங்கே பகலில் வந்துபோகிறவர்களுக்குள் நடப்பதையும் குடியிருக்கிறவர்களின் தலைக்கணக்கில் வகுக்கிறார்கள், அதனால் அதையும் அப்படியே நம்பமுடியாது.)

நான் இரவு வேலை முடித்து வருவதுதானே உங்களுக்குப் பெரிய கவலை. இங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இரவு ஒன்பது மணியில் இருந்து விடிய ஐந்து மணிவரை, பஸ்ஸை இரண்டு தரிப்புக்கு நடுவிலும் நிற்பாட்டச் சொல்லலாம். 1991 இல் தனியே போகிற பெண்களுக்கென்று தொடங்கி, 2011 இல் எல்லோருக்கும் ஆக்கினார்கள். ஒரு தரிப்பு முந்தியே சாரதியிடம் போய்ச் சொல்லவேண்டும், முன்கதவால் இறங்கவேண்டும். முதல் நாள் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போது எங்கள் கட்டடத்தின் வாசல் வெளிச்சம் தெரிகிற இடத்தில், நான் வாய் திறக்க முன்னமே நிற்பாட்டுகிற ஒரு சோமாலிய ஐயா இருக்கிறார். நான் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை பஸ்ஸை எடுக்கமாட்டார்.

எங்களுக்கு உண்மையில் பயம் வேறு இரண்டு விஷயத்தில்.

ஒன்று கார். 2023 இல் மட்டும் இந்த நகரத்தில் 12,000 காருக்கு மேல் களவு போனது. கண்ணாடி உடைப்பதெல்லாம் பழைய காலம். வீட்டுக்குள் கிடக்கிற திறப்பின் சிக்னலை வெளியில் நின்றே ஒரு கருவியால் இழுத்து, காரைத் திறந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கன கார்கள் மொன்றியல் துறைமுகத்தால் கொண்டெய்னரில் கடல் தாண்டிவிடும். அதற்கென்று, திறப்பின் சிக்னலை வெளியே விடாத பை விற்கிறார்கள். பெரியம்மா அது வேண்டாம் என்று, நீங்கள் முறுக்குப் போட்டு அனுப்பிய மலிபன் பிஸ்கட் ரின்னுக்குள் திறப்பைப் போட்டு மூடி வைத்திருக்கிறா. எங்களிடம் இருக்கிற பழைய காருக்கு அவ்வளவு மதிப்பு ஒருவரும் தரவில்லை.

மற்றது நகை. தமிழ்ச் சனம், இந்தியச் சனம் பவுண் போட்டிருக்கும் என்று கள்ளருக்கு வடிவாகத் தெரியும். எங்கள் மாடியில் இருக்கிற அன்ரி கோயிலுக்கு நடந்து போயிருக்கிறா. ஒரு கார் கிட்ட வந்து நின்று, உள்ளே ஒரு பொம்பிளை வழி கேட்டாளாம். சொன்னதும், "இன்றைக்கு என் அப்பாவின் நினைவு நாள், ஆசீர்வாதம் பண்ணுங்கோ" என்று கையைப் பிடித்து, கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, கட்டிப்பிடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்ரி மனம் குளிர்ந்து வந்து கண்ணாடியைப் பார்த்தால், கழுத்தில் பித்தளை மாலை, பதினொரு பவுண் தாலிக்கொடியைக் காணோம். அவசர இலக்கம் 911க்கு எடுத்து "தமிழ்" என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னாவாம். தமிழ் தெரிந்தவரை லைனில் எடுத்துக் கதைத்தார்கள். கொடி கிடைக்கவில்லை. அவவுக்கு இன்னும் கோபம் கொடி போனதில் இல்லை, "அவளுக்குத் தலையைத் தடவி நல்லா இருக்கச் சொன்னேனே" என்பதில்தான். அன்றில் இருந்து நான் மஞ்சள் கயிறுதான் கட்டுகிறேன். ஊரில் சொல்லாதையுங்கோ.

ஒன்று சொல்லட்டே? எனக்கும் உங்கள் வருத்தம்தான். இங்கே தமிழ் வானொலியைப் போட்டால் யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு, மோட்டார் சைக்கிளில் வந்த கும்பல், ஆவா குழு. கைகால் நடுங்க உங்களுக்கு எடுத்தால், "அது கொக்குவில் பக்கம் பிள்ளை, எங்கட ஒழுங்கைக்குள்ள ஒன்றுமில்லை" என்று சிரிக்கிறீர்கள். நான் சொன்னால் மட்டும் ஏன் நம்பமாட்டீர்கள்?

பாட்டியின் பதக்கச் சங்கிலியைப் பெரியம்மாவிடம் தந்து அனுப்பவேண்டாம். வங்கியிலேயே இருக்கட்டும். முறுக்கு அனுப்புங்கோ, ரின்னில்.

அப்புறம், குசினிக் கதவின் கொண்டி கழன்று விழுந்து இரண்டு மாதம். அம்மியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுக்கிறீர்களாம். ஆசாரிக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். போட்டுவிட்டு, அந்தக் கதவைப் படம் எடுத்துத் தம்பியிடம் சொல்லி அனுப்புங்கோ.

அன்பு மகள்