காற்று ஊதாமலும் கழிவுநீர் தெளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலையங்களின் மின்கட்டணம் பற்றி எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் ‘காற்றை ஊதினால்தான் கழிவுநீர் சுத்தமாகும்’ என்ற வரியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு ஸ்டார்ச் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் கழிவுநீரின் அழுக்கில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்த தொட்டிக்குள் காற்று புகவே கூடாது. யுஏஎஸ்பி (UASB) எனப்படும் அந்த வகைத் தொட்டியை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் காட்சே லெட்டிங்காவின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

1936இல் பிறந்த லெட்டிங்கா, வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அமெரிக்காவில் யங்கும் மெக்கார்ட்டியும் 1969இல் காற்றில்லா வடிகட்டி பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொட்டியில் கல்லை நிரப்பி, அதில் பாக்டீரியாவைத் தங்க வைக்கும் முறை அது. லெட்டிங்காவும் அதில்தான் தொடங்கினார். கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைவிட அடியில் தானாகப் படியும் சேறே நன்றாக வேலை செய்கிறதே, அப்புறம் கல் எதற்கு என்று அதை எடுத்துவிட்டார். 1970களில் ஒரு சர்க்கரை ஆலையில் 6 கன மீட்டர் தொட்டியில் பார்த்து, பிறகு 200 கன மீட்டருக்குப் போனார்.

கழிவுநீர் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறும். வழியில் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் வாயுவை விடும். உச்சியில் கவிழ்த்த கூம்புகள் வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சேறு சரிந்து கீழே விழும், நீர் மட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே போகும். ஊதுகுழாயும் இல்லை, கலக்கும் விசிறியும் இல்லை. கட்டுரையில் சொன்ன முறையில் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று ஊதவே போய்விடுகிறது. இதில் அந்தச் செலவு இல்லை, எரிக்க வாயுவும் கிடைக்கிறது. நீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் தீர்க்கத் தேவையான ஆக்சிஜன் அளவை சிஓடி என்போம்; அது ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ 0.35 கன மீட்டர் மீத்தேன். மிஞ்சும் சேறும் மிகக் குறைவு.

அந்தச் சேற்றை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். மாதிரிக் குழாயைத் திறந்து அளவுச் சாடியில் பிடித்தால் கறுப்பாக, கடுகு போல உருண்டை உருண்டையாக, நுண்ணுயிர்கள் திரண்ட மணிகள் விழும். கலக்கிவிட்டுக் கையை எடுப்பதற்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நாற்றம்? அழுகின முட்டைதான், சொல்லி மாளாது! ஆனால் மணி கறுப்பாக இருந்தால் ஷிஃப்டில் எல்லோர் முகமும் தெளிவாக இருக்கும். ஒரேயடியாகக் கழிவின் லோடை ஏற்றிவிட்டால் அமிலம் கூடும், பிஎச் சரியும், வாயு நிற்கும். மறுபடி சரியாக வாரக்கணக்கில் ஆகும். மாட்டைப் போலப் பார்த்துப் பார்த்துத் தீனி போட வேண்டும் என்பார் எங்கள் மூத்த ஆபரேட்டர்.

இத்தனைக்கும் லெட்டிங்கா இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, வேண்டுமென்றேதான். காற்று ஊதும் முறையின் கதை வேறு. அது 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் இருவரின் ஆய்வால் வெளியே வந்தது. பிறகு அதன் காப்புரிமைக்காரர்கள் வழக்குப் போட்டு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் நீதிமன்றத்தில் தோற்றது. ஒரு நகரம் தன் சாக்கடையைச் சுத்தம் செய்ததற்குத் தண்டம்! லெட்டிங்காவின் தொட்டிக்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1983இல் கொலம்பியா நாட்டின் காலி (Cali) என்ற நகரில் 64 கன மீட்டர் தொட்டியில் வீட்டுக் கழிவுநீரை விட்டுப் பார்த்தார்கள். 1989இல் கான்பூரில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டருக்கு ஒரு நிலையம் வந்தது. பரிசுகள் பிற்பாடுதான் தேடி வந்தன: 2007இல் சுற்றுச்சூழல் பணிக்கான டைலர் பரிசு, 2009இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர்ப் பரிசு.

குறையே இல்லையா என்றால், உண்டு. நோய்க்கிருமியும் நைட்ரஜனும் பாஸ்பரசும் இதில் பெரிதாகக் குறையாது, பின்னால் இன்னொரு கட்டம் கட்டாயம் வேண்டும். குளிரில் வேகம் விழும். கொஞ்சம் மீத்தேன் நீரோடு கரைந்து வெளியேறிவிடுகிறது. பின்கட்டத்தைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு, ‘இந்த டெக்னாலஜியே சரியில்லை’ என்று தொட்டியின் மேல் பழி போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். மாணவர் பக்கத்தில் இத்தொட்டியின் குறுக்குவெட்டுப் படத்தை வெளியிட்டால் இன்னும் நல்லது. மேலே உள்ள கூம்பை மட்டும் தலைகீழாக அச்சிட்டுவிடாதீர்கள், வாயு முழுக்க வெளியே போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை வேதியியலாளர் ஒருவர்