முதுகலைச் சமூகப்பணிப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ‘மனித நடத்தையும் சமூகச் சூழலும்’ தாளைப் பற்றி நாங்கள் முன்பே எழுதியது உங்கள் கோப்பில் கிடக்கும். மறுபடி எழுத வைத்தது, போன மாதம் நடந்த களப்பணி வாய்மொழித் தேர்வு.

தூத்தூர் மீனவக் கிராமத்துப் பக்கம் களப்பணிக்கு வந்த மாணவி ஒருத்தி, ஒக்கிப் புயலில் கணவரைக் கடலில் தொலைத்த ஓர் அக்காவைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தாள். 2017 நவம்பரில் போன படகு, உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கும். அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் கொடுத்தது. அதை வாங்கினால் அவர் செத்துவிட்டார் என்று நாமே கையெழுத்துப் போட்டதாகும் என அக்கா மல்லுக்கு நின்றார். கடைசியில் பிள்ளைகளின் ஃபீஸுக்காக வாங்கினார். மாமியார் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இவ்வளவையும் படித்த தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: “இவர் துக்கத்தின் எத்தனையாவது நிலையில் இருக்கிறார்?” “அந்த ஐந்து நிலை அட்டவணை இவருக்குப் பொருந்தவில்லை சார்” என்றாள் மாணவி. மதிப்பெண் போயிற்று.

மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று அந்த ஐந்து நிலைகளைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான். உடலே வராத வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து, இப்படி முடிவு தெரியாத இழப்பைப் பற்றிக் குடும்ப ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலேயே எழுதிவிட்டார். அவரும் அமெரிக்காக்காரர்தான், நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

எங்கள் முக்கியக் கோரிக்கை இது: அந்தத் தாளில் ஓர் அலகையாவது இந்த மாவட்டத்து மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். மனித வாழ்க்கையை உளவியலாளர் எரிக்சன் பிரித்த எட்டுப் பருவங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றால் அந்த வீட்டில் யாரிடம் கடன் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. பேச்சிப்பாறை மலையில் காணிக்காரர் என்ற பழங்குடி மக்கள் இருப்பதே சிலருக்குப் புதுச் செய்தி. களப்பணிக்குக் கோட் போட்டு வரச் சொல்லும் சுற்றறிக்கை மட்டும் ஆண்டு தவறாமல் வந்துவிடுகிறது. கடற்கரை வெயிலில் கோட்!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாழ்மையாகவே கேட்கிறேன்: ஓர் அலகு. அப்புறம், அந்த மாணவியின் அறிக்கைக்கு மறுமதிப்பீடு. குடும்பங்களின் சம்மதத்தோடு, பெயர் நீக்கிய அறிக்கைகள் எங்களிடம் தயாராக உள்ளன. உங்கள் அடுத்த கூட்டத்தை எங்கள் ஊரில் வைத்தாலும் மகிழ்ச்சி. டீச் செலவு எங்களுடையது. கோட் வேண்டாம்.

இப்படிக்கு,
களப்பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்