பிரம்புப் பந்து

ரங்கூன்

பாப்பா,

வருகிறவர் கையில் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாயும் இரண்டு லப்பே தேயிலைப் பொட்டலமும் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு பிரம்புப் பந்து. "இது எதுக்குப்பா?" என்று நீ போன் போடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் "சனிக்கிழமையும் ஆபீஸ்தான்பா, விளையாட்டெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம்" என்று சிரித்தாய். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பேச்சை 22 வருஷம் பேசினவன் நான்.

நீ பிறக்கும் முன்பு சாயங்காலமானால் லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இந்த மாதிரிப் பிரம்புப் பந்தில் சின்லோன் ஆடப் போய்விடுவேன். பிறகு கடை, கடன், உங்கள் படிப்பு. பந்து அலமாரி மேல் ஏறியது. பல்லி அதற்குள் முட்டையிட்டது. நீ சிங்கப்பூர் போன வருஷம் எனக்கு 52. சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்த வழியில் ஒரு சந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த டொக், டொக் சத்தம் என்னை நிறுத்திவிட்டது. பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. உதைத்தேன். நேரே சாக்கடையில் போய் விழுந்தது. ஒருவர் அதை எடுத்துத் தன் லுங்கியிலேயே துடைத்து, "யா பா தே, பரவாயில்லை, உள்ளே வாங்க" என்றார்.

உனக்குத் தெரிந்த ஆட்டம்தான். ஆறு பேர் வட்டம், எதிரணி கிடையாது. கால்நுனி, பாதத்தின் உட்புறம், வெளிப்புறம், உள்ளங்கால், குதிகால், முழங்கால், எதில் வேண்டுமானாலும் தட்டலாம், பந்து கீழே விழக்கூடாது. விழுந்தாலும் யாரும் தோற்பதில்லை. 1953-இல் இதற்கும் விதி எழுதிப் போட்டி வைத்தார்கள், 2013-இல் நேபிடோவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் பதக்கமே கொடுத்தார்கள். எங்கள் வட்டத்துக் கிழவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "மார்க் போட்டா அப்புறம் அதுவும் வேலைதானே" என்பார். நானும் அவர் கட்சி.

இப்போது ஐந்து மணிக்குக் கடை ஷட்டரை இறக்கிவிடுகிறேன். வியாபாரம் குறையவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வேலை விட்டுப் போகிற வழியில் வாங்குகிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். முதல் மாசம் அம்மா கணக்கு நோட்டை என் முன்னால் பிரித்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனாலும் ஷட்டரை இறக்கினேன். மிச்ச நேரத்தில் ஆடலாம் என்றிருந்தால் எனக்கு மிச்சமே வந்திருக்காது.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வட்டத்தில் ஒருவருடைய அக்கா வீடு மண்டலேயில் இடிந்துபோயிற்று. அந்த வருஷம் திஞ்சான் புத்தாண்டுக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் தெருவில் யாருக்கும் மனசில்லை. ஆட்டமும் நின்றிருந்தது. பிறகு ஒருநாள் அவரே பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் கரண்டும் இல்லை. பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரை ஆடினோம்.

பெண்கள் தனியாளாக ஆடிக்காட்டும் வகையும் இதில் உண்டு. பயா கோயில் திருவிழாவில் உன்னைத் தோளில் வைத்துக் காட்டினேன், நீ இறங்கமாட்டேன் என்று அழுதாய். தனியாகவும் ஆடலாம் என்பதால் ஆள் சேரவில்லை என்று சாக்குச் சொல்லாதே. ஆள் வேண்டுமென்றால் நீ மொஹிங்கா சாப்பிடப் போகிற பெனின்சுலா பிளாசாவில் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டுப்பார்.

பந்து புதுசு, முதல் இரண்டு நாள் பாதம் சிவக்கும். தேங்காயெண்ணெய் தடவு.

சனிக்கிழமை உங்கள் மணிக்கு ஏழுக்குப் போன் பண்ணாதே. இங்கே ஐந்தரை, நான் வட்டத்தில் இருப்பேன். ஆபீசிலிருந்து கூப்பிட்டால் நீயும் எடுக்காதே.

அப்பா