படாக் மரக்கன்னை எண்ணுங்க: அந்தமான் காட்டுக்கு வொர்க்கிங் பிளான் (காட்டுல எத வெட்டணும், எப்படி வளர்க்கணும்னு போடுற திட்டம்) எழுதுறவங்களுக்கு ஒரு மடல்

ஐயா, மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

நான் போர்ட் பிளேர்ல, இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு சொல்றாங்க, ரொம்ப வருஷமா மரவேலை பாக்குறவன். எங்கப்பா சாத்தம் மில்லுல வேலை பார்த்தவர், 1883ல ஆரம்பிச்ச மில்லு அது. படாக்க அறுக்கும்போது அந்தச் செவப்பு தூள் அவர் சட்டையில ஒட்டிக்கிட்டு வரும், எங்கம்மா தொவச்சு தொவச்சு பார்ப்பாங்க, கறை போகவே போகாது. உலகத்துலயே அந்தமான் காட்டுல மட்டும்தான் இயற்கையா வளர்ற மரம் அது, அதனாலதான் இத எழுதுறேன்.

2002 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஆர்டர் வந்ததுக்கப்புறம் வெட்டு ரொம்ப கொறஞ்சுபோச்சு, மெயின்லேண்டுக்கு மரம் போறது நின்னுச்சு, உள்ளூர் தேவைக்கு மட்டும்தான் வெட்டலாம். அது நல்லதுதான், வேலை கொறஞ்சாலும் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனா வெட்ட கொறச்சுட்டா படாக் தானா வந்துடும்னு நெனச்சா அது தப்புங்க.

படாக்குக்கு வெளிச்சம் வேணும். காய் சின்ன அப்பளம் மாதிரி வட்டமா, சுத்தி ரெக்கையோட இருக்கும், காத்துல சுத்திக்கிட்டே வந்து விழும். மொளைக்கவும் செய்யும். ஆனா மேல குர்ஜனும் மத்த மரமும் மூடிக்கிட்டு இருந்தா கன்னு ஒரு சாண் ரெண்டு சாணோட நின்னு அப்படியே செத்துடும். பெரிய மரமா பொறுக்கி வெட்டுறோம், மத்தத விட்டுடறோம், காடு அப்படியே இருக்குன்னு சொல்றோம்ல, காடு பச்சையாத்தான் இருக்கும், அந்த எடத்துல நிழல்ல வளர்ற மரம் வந்து நெறஞ்சுடும், படாக் மட்டும் இருக்காது. அதுலயும் நேரா வளர்ந்த நல்ல மரமா பாத்து எடுத்துட்டா, வெத கொடுக்க கோணலும் பொந்தும்தான் மிச்சம். பழைய ஆளுங்களுக்கு இது தெரியாம இல்ல, கனோபி லிஃப்டிங் ஷெல்ட்டர்வுட்னு ஒரு முறையே வச்சிருந்தாங்க, தாய் மரத்த நிறுத்திட்டு கீழ்ப்புதர்லேர்ந்து ஆரம்பிச்சு படிப்படியா நிழல எடுத்து கன்ன மேல கொண்டு வர்றது.

அடுத்தது மான். வெள்ளைக்காரன் காலத்துல கொண்டாந்து விட்ட புள்ளிமான், இங்க புலியும் இல்ல சிறுத்தையும் இல்ல, தீவு விட்டு தீவு நீந்திப் போகுது. வீட்டுக்குப் பின்னாடி நான் நாலு படாக் கன்னு வச்சேன், முழங்கால் உயரம் வந்துடுச்சு, புதுத் தளிர் விட்டுச்சுன்னு சந்தோஷப்பட்ட அன்னிக்கு ராத்திரியே வந்து நாலையும் மொட்டையடிச்சுட்டு போயிடுச்சு, காலைல பாத்தா வெறும் குச்சி. மறுபடி துளிர்த்துச்சு, மறுபடி மேஞ்சுச்சு, மூணாவது தடவை கன்னே இல்ல. வீட்டுல நாலு கன்னுக்கே இந்த கதின்னா காட்டுல கேக்கவா வேணும்?

நான் கேக்குறது இதுதான். வெட்டலாம்னு மரத்துல சுத்தியல் முத்திரை போடுறதுக்கு முன்னாடி அந்த எடத்துல எத்தன படாக் கன்னு, எத்தன எளமரம் இருக்குன்னு எண்ணி எழுதுங்க, இல்லன்னா அந்த மரத்துல கைய வைக்காதீங்க. நேரா நல்லா வளர்ந்த தாய் மரம் கொஞ்சத்துக்கு வேற கலர் அடிச்சு, வெட்டக்கூடாதுன்னே விடுங்க. வெட்டின எடத்துல திறப்பு விழும்ல, அதச் சுத்தி மான் வாய்க்கு எட்டாத உயரம் கன்னு போற வரைக்கும் வேலி போடுங்க. செலவுதான், தெரியும். அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா போயி கொடிய அறுத்து விடணும், அதுக்கு இங்க உள்ளூர் பசங்களயே கூப்பிடுங்க, காடு தெரிஞ்ச பசங்க, கூலி கொடுத்தா வருவாங்க. மரக்கணக்கு போடுற அதே ரிஜிஸ்டர்ல கன்னுக் கணக்குக்கும் தனியா ஒரு கட்டம் போட்டு, வருஷா வருஷம் எங்க பார்வைக்கு வைங்க.

இப்படிக்கு,
ஒரு மரவேலைக்காரன், தென் அந்தமான்